துருவத்தில் உத்தியோகம்

ஒரு கல்லூரியில் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவனைக் கூப்பிட்டால் இலக்கியக் கூட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பி, பேசுவதற்கு இரண்டு விஷயங்களை மனசுக்குள் உருட்டிக் கொண்டே போய்ச் சேர்ந்தேன். மேடை ஏறின பிறகுதான் தெரிந்தது, அது உத்தியோக வழிகாட்டிக் கூட்டம் என்று. தலைமை தாங்க இருந்த பெரிய அதிகாரியால் கடைசி நிமிஷத்தில் வர முடியாமல் போய் விட்டதாம். "நீங்கள் உள்ளூரிலேயே இருக்கிறீர்களே சார்" என்று காரியதரிசி வெகுளியாகக் காரணம் சொன்னார்.

மேடைக்குப் பின்னால் பெரிய துணித் திரை. 'வட துருவம் உங்களை அழைக்கிறது!' என்று அதில் கொட்டை எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பெங்குவின், மாப்பிள்ளை மாதிரி மார்பை நிமிர்த்திக் கொண்டு நின்றது.

வட துருவத்தில் பெங்குவின் கிடையாது. அது தெற்கே உள்ள பிராணி. நான் விஞ்ஞானி இல்லை. காலேஜில் இரண்டு வருஷம் ரசாயனத்தோடு மல்லுக்கட்டி விட்டு வெளியே வந்தவன். எனக்கே தெரிந்த இந்தச் சங்கதி அங்கே ஒருவருக்கும் உறுத்தவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தலைவர் என்றால் மாலையைப் போட்டுக் கொண்டு சும்மா இருப்பவர் என்றுதானே அர்த்தம்.

பேச வந்தவர் மிடுக்கான வாலிபர். வழிகாட்டுவதே அவருக்குத் தொழில். வடக்கே ஐஸ் உருகுகிறது, உருக உருகப் புதிய கப்பல் பாதைகள் திறக்கும், மண்ணுக்கடியிலிருந்து எண்ணெயும் கனிமங்களும் வெளியே வரும், இதற்கெல்லாம் ஆராய்ச்சி தேவைப்படும், ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள், அந்த ஆட்கள் நீங்களாக இருக்க வேண்டும் என்று படிப்படியாகக் கட்டிக் கொண்டு போனார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்வார்களே, அதைப் படம் போட்டுக் காட்டி, கேள்வி நேரத்தோடு நடத்தினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "இந்த வேலை எத்தனை வருஷத்துக்கு சார்?" என்று கேட்டாள். வாலிபர் சிரித்தார். "ஆர்வம் இருந்தால் எல்லாம் தானாக வரும்" என்றார். அடுத்த கேள்விக்குப் போய் விட்டார்.

கூட்டம் முடிந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தபோது அவள் என்னிடமே வந்தாள். பூகர்ப்ப சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. முடிக்கப் போகிறாளாம். தகப்பனாருக்குத் தபால் இலாகாவில் வேலை. பாங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார். "அவர் பதில் சொல்லவில்லையே சார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்றாள். "எனக்குத் தெரியாதம்மா, தெரிந்து கொண்டு சொல்கிறேன்" என்று சொல்லி விட்டு வந்தேன். பேச்சுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. இரண்டு மாத காலமாகக் கதை எழுத வேண்டிய நேரத்தில் பனியைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் சொல்லும் பதில். அந்த வழிகாட்டியும் படித்தால் எனக்கு ஆட்சேபமில்லை.

வேலை நடக்கிற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நார்வேக்கு வடக்கே, சமுத்திரத்தின் நடுவில், ஸ்வால்பார்ட் என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் 79ஆவது அட்ச ரேகையில் நீ-ஓலெசுண்ட் என்று ஒரு குக்கிராமம். அங்கிருந்து வட துருவம் சுமார் 1,200 கிலோமீட்டர். குளிர் காலத்தில் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். கோடையில் நூற்றுக்கு மேல் போகும். அக்டோபர் கடைசியில் போன சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பி வருவான். பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டிப் போவதானால் துப்பாக்கி எடுத்துக் கொண்டு போக வேண்டும். பனிக்கரடி எதிரே வரலாம்.

நம் தேசத்துக்கும் அங்கே ஒரு வீடு உண்டு. 2007 ஆகஸ்டில் முதல் இந்திய விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். 2008 ஜூலை 1ஆம் தேதி 'ஹிமாத்ரி' என்ற நிலையம் திறக்கப்பட்டது. 2014இல் அந்த ஊருக்கு எதிரே உள்ள காங்ஸ் பியோர்ட் என்ற கடல் இடுக்கில், தண்ணீருக்கடியில் ஒரு கருவித் தொடரை இறக்கினார்கள். இருட்டுக் காலத்திலும் அங்கே ஆட்கள் தங்கி வேலை செய்வது 2023 டிசம்பரில்தான் ஆரம்பமாயிற்று. இதையெல்லாம் நடத்துவது கோவாவில் வாஸ்கோ ட காமா ஊரில் இருக்கும் தேசியத் துருவ மற்றும் சமுத்திர ஆராய்ச்சி மையம்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1920 பிப்ரவரியில் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் சக்கரவர்த்தி இந்தியாவுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நம்மைக் கேட்டுக் கொண்டு போட்ட கையெழுத்து அல்ல. ஆனாலும் அது இன்றும் நமக்குச் செல்லுபடியாகிறது. ஸ்வால்பார்டில் குடியிருக்கவோ வேலை பார்க்கவோ விசா தேவையில்லை. போகிற வழியில் நார்வேயில் இறங்குவதற்குத்தான் விசா வேண்டும்! வாசல் திறந்திருக்கிறது, தெருவில் நடக்க மட்டும் சீட்டு வாங்கிக் கொள்ள வேண்டும் என்கிற மாதிரி.

நீ-ஓலெசுண்ட் விஞ்ஞானிகளுக்காகக் கட்டின ஊர் அல்ல. அது நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கேயும் ஒரு காலத்தில் யாரோ போய், வடக்கே வாருங்கள், நல்ல சம்பளம், நல்ல எதிர்காலம் என்று வாலிபர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். விபத்துக்கு மேல் விபத்து. 1962 நவம்பர் 5ஆம் தேதி நடந்த வெடி விபத்தில் 21 தொழிலாளிகள் மாண்டார்கள். சுரங்கம் சர்க்காருடையது. விசாரணை வந்தது, பார்லிமெண்டில் புயல் எழுந்தது, 1963இல் நார்வேயின் மந்திரிசபையே கவிழ்ந்தது. சுரங்கத்தை மூடினார்கள். அதே கிங்ஸ் பே கம்பெனிதான் இப்போது விஞ்ஞானிகளுக்குச் சோறு போட்டு, வீடு கொடுத்து ஊரை நடத்துகிறது. நான் நாவல் எழுதுகிறவன். இந்த இடத்திலேயே நின்று விடலாம் போல் இருக்கிறது. ஆனால் நான் ஏற்றுக் கொண்டது அந்தப் பெண்ணின் கேள்வியை.

அங்கே என்ன வேலை செய்கிறார்கள்? அந்த ஊரைச் சுற்றிப் பனியாறுகள் இருக்கின்றன. மலை இடுக்கிலிருந்து கடலை நோக்கி மெள்ள மெள்ள நகர்ந்து வரும் பிரும்மாண்டமான உறைபனி. அதன் மேல் ஆழமாகத் துளை போட்டு ஒரு கம்பை இறக்குகிறார்கள். வசந்தத்தில் போய், குளிர்காலத்தில் விழுந்த பனியின் ஆழத்தைக் குத்திப் பார்த்து, குழி வெட்டி அதன் அடர்த்தியை நிறுக்கிறார்கள். கோடை முடிந்த பிறகு மறுபடி போய், கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு. மளிகைக் கடைக் கணக்குதான். நம் விஞ்ஞானிகள் அங்கே வெஸ்ட்ரே ப்ராகர்பிரீன் என்ற பனியாற்றுக்கு இந்தக் கணக்கு எழுதுகிறார்கள். இதே வேலையை இமயமலையிலும் செய்கிறார்கள். இமாசலத்தில் சோட்டா ஷிக்ரிப் பனியாற்றில் 2002ஆம் வருஷத்திலிருந்து மூங்கில் நட்டு அளந்து வருகிறார்கள். ஸ்பீதியில் 'ஹிமான்ஷ்' என்ற நிலையம் 2016இல் வந்தது. துருவத்தில் கற்ற கைவேலை கங்கைக்கும் சிந்துவுக்கும் தண்ணீர் கொடுக்கிற மலைக்கு அப்படியே பயன்படுகிறது. ஏழை நாட்டுக்கு வட துருவத்தில் என்ன வீடு என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்லப் போவதில்லை.

இனிமேல்தான் என் சண்டை ஆரம்பம்.

ஒரு வருஷத்துக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஒரு வருஷம் பனி அதிகம், ஒரு வருஷம் குறைச்சல். இரண்டு வருஷம் அளந்தாலும் அப்படியேதான். ஓர் ஊரின் பருவ நிலை இன்னது என்று சொல்ல உலக வானிலை ஸ்தாபனம் வைத்திருக்கும் அளவு 30 வருஷம். நீ-ஓலெசுண்டுக்குப் பக்கத்தில் ஆஸ்ட்ரே ப்ராகர்பிரீன் என்ற பனியாற்றை நார்வேக்காரர்கள் 1967லிருந்து அளக்கிறார்கள். பெரும்பாலான வருஷங்களில் வரவை விடச் செலவுதான் அதிகம். அதைத் துணிந்து சொல்ல முடிகிறதே, அதற்குக் காரணம் ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரோ ஒருவர் விடாமல் அங்கே போய்க் கம்பை அளந்ததுதான். ஸ்வீடனில் தர்ஃபாலா என்ற இடத்தில் ஸ்டூர்கிளாசியாரன் என்ற பனியாற்றுக்கு 1946லிருந்து கணக்கு இருக்கிறது. உலகத்தின் மிக நீளமான, அறுபடாத பனியாற்றுக் கணக்குகளில் அது ஒன்று. ஆரம்பித்தவர் வால்டர் ஷிட் என்ற விஞ்ஞானி. அவர் காலமான பிறகும் கணக்கு நிற்கவில்லை.

இப்படி 30 வருஷம், 50 வருஷம் கேட்கிற வேலைக்கு இன்றைக்கு ஆள் எடுக்கிறார்களே, எத்தனை வருஷத்துக்கு? இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. ஐரோப்பாவில், அமெரிக்காவில், டாக்டர் பட்டம் வாங்கின பிறகு கிடைக்கிற உத்தியோகம் பெரும்பாலும் இந்த ரகம். அது முடிந்தால் வேறு ஊர், வேறு இரண்டு வருஷம். நம் நாட்டு விளம்பரங்களையும் எடுத்துப் பாருங்கள். 'திட்ட விஞ்ஞானி' என்று கௌரவமாகப் பெயர் இருக்கும். கீழே பொடி எழுத்தில், இது முற்றிலும் தற்காலிகமானது, நிரந்தரம் கோரும் உரிமை கிடையாது என்று இருக்கும். சர்க்கார் ஆபீஸில் தபாலுக்கு முத்திரை குத்துகிறவரை அறுபது வயசு வரையில் வைத்துக் கொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் தகப்பனார் கோபித்துக் கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஐம்பது வருஷம் அளக்க வேண்டிய பனிக்கு மட்டும் இரண்டு வருஷ மனிதன் போதும் என்கிறார்கள்.

இதில் என்ன தப்பு, ஒருவர் போனால் இன்னொருவர் வந்து அளக்கிறார் என்று கேட்கலாம். கேட்டவர் ஒரு தடவையாவது வீட்டுச் சமையற்காரரை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்! எந்தக் கம்பு சாய்ந்தது, எந்த வருஷம் அதை மாற்றி நட்டார்கள், எந்த இடத்தில் பனிக்கடியில் பிளவு மறைந்திருக்கிறது என்பதெல்லாம் புஸ்தகத்தில் பாதி, ஆள் மனசில் பாதி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பாதியைத் தூக்கி எறிகிறோம். தவிர, இரண்டு வருஷத்துக்குள் பெயர் வாங்கினால்தான் அடுத்த வேலை என்று இருக்கிறவன் என்ன செய்வான்? பழைய கம்பை அளந்து கொண்டிருக்க மாட்டான். புதிதாக எதையாவது ஆரம்பித்து, சீக்கிரம் ஒரு கட்டுரை எழுதி விட்டு நகருவான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பணம் நின்றால் கணக்கு நிற்கும் என்பதற்கு என் கற்பனை எதுவும் வேண்டாம். கானடாவின் வட கோடியில், எல்ஸ்மியர் தீவில், யுரேகா என்ற இடத்தில் ஓர் ஆகாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருக்கமாக 'பேர்ள்' என்பார்கள். 2011 வசந்தத்தில் வட துருவத்துக்கு மேலே ஓசோன் அதுவரை கண்டிராத அளவு கரைந்து போயிற்று; உலக விஞ்ஞானிகள் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அந்த ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருந்த சில கண்களில் பேர்ளும் ஒன்று. அடுத்த வருஷம், 2012 ஏப்ரலோடு, பணமில்லை என்று அதன் வருஷம் முழுவதுமான வேலையை நிறுத்தினார்கள். கூச்சல் எழுந்த பிறகு 2013இல் மறுபடி பணம் வந்தது. ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, மறுபடி மூடப் போகிறோம் என்றார்கள். மறுபடி கூச்சல், மறுபடி கொஞ்சம் பணம். கானடா ஏழை நாடு அல்ல.

ருஷ்யர்கள் கதை இன்னும் பெரிது. 1937இல் பாப்பானின் என்பவரும் மூன்று கூட்டாளிகளும் துருவத்துக்கு அருகே மிதக்கும் ஒரு பனிப்பாளத்தின் மேல் இறங்கிக் கூடாரம் போட்டார்கள். பாளம் தெற்கே மிதந்தது. 274 நாள் அவர்கள் அதன் மேலேயே இருந்து கடலின் ஆழம், காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் அளந்தார்கள். கடைசியில் பாளம் பிளந்து போகும் சமயத்தில் கப்பல்கள் வந்து ஏற்றிக் கொண்டன. அந்த மாதிரி மிதக்கும் நிலையங்களை 1954லிருந்து 1991 வரையில் விடாமல் வைத்திருந்தார்கள். ஒன்று கரைந்தால் இன்னொன்று. 1991இல் சோவியத் கஜானா காலியாயிற்று, நிலையமும் நின்றது. 2003இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் விட்டுப் போன பன்னிரண்டு வருஷம் கடற்பனி வேகமாக மெலிந்த காலம். அந்தப் பனி மேல் அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர்களுடைய மனிதன் ஒருவனும் உட்கார்ந்து அளக்கவில்லை. இன்றைக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் அதை யார் அளக்க முடியும்?

2022இல் உக்ரெயின் யுத்தம் வந்த பிறகு இன்னொரு பள்ளம் விழுந்திருக்கிறது. வடக்குச் சீமையின் நிலத்தில் ஏறக்குறையப் பாதி ருஷ்யாவுடையது. அந்த நிலையங்களோடு மேற்கு நாடுகள் தொடர்பை அறுத்துக் கொண்டன. யுத்தம் யார் தப்பு என்ற விவகாரத்துக்கு நான் இங்கே வரவில்லை. ஆனால் சைபீரிய நிலையங்களை விட்டு விட்டுப் பார்த்தால் வடக்கு முழுவதையும் பற்றிய சித்திரமே கோணலாகிறது என்று 2024இல் 'நேச்சர் க்ளைமேட் சேஞ்ச்' பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. 1979க்குப் பிறகு உலகத்தின் மற்ற பாகத்தை விட வட துருவப் பிரதேசம் சுமார் நாலு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. வைத்தியன் நாடியை விடாமல் பிடிக்க வேண்டிய சமயத்தில் கையை எடுத்து விட்டு மனு எழுதிக் கொண்டிருக்கிறான்.

மேடையில் அந்த வாலிபர் சொல்லாமல் விட்ட இன்னொரு சங்கதி உண்டு. வடக்கே ஆள் இல்லாத மாதிரியே அவர் பேசினார். ஏதோ காலி மனை கிடக்கிறது, முதலில் போகிறவனுக்குச் சொந்தம் என்கிற மாதிரி. ஸ்வால்பார்டில் பூர்வீகக் குடிகள் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் கானடாவின் வடக்கிலும் கிரீன்லாந்திலும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நம் பள்ளிப் புஸ்தகங்களில் எஸ்கிமோ என்று படித்தோம். அவர்கள் அந்தப் பெயரை விரும்புவதில்லை. தங்களை இனூயிட் என்று சொல்லிக் கொள்கிறார்கள்.

துருவ உத்தியோகத்தின் ஆதி கதையைக் கேளுங்கள். 1909 ஏப்ரல் 6ஆம் தேதி வட துருவத்தை அடைந்து விட்டதாக பியரி என்ற அமெரிக்கர் அறிவித்தார். (அடைந்தாரா என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது.) அவரோடு கடைசி வரை போனவர்கள் ஐந்து பேர். நாலு பேர் இனூயிட்கள்: ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வியா. ஐந்தாவது ஆள் மாத்யூ ஹென்சன் என்ற நீக்ரோ. அந்தக் காலத்து வார்த்தையில் சொல்கிறேன், இன்று கறுப்பு அமெரிக்கர் என்பார்கள். வருஷக் கணக்காக வடக்கே உழைத்து, இனூயிட் பாஷையைக் கற்று, நாய் வண்டி ஓட்டுவதில் அவர்களுக்குச் சமானமாகத் தேர்ந்தவர் அவர்தான். திரும்பி வந்ததும் பியரிக்குப் பதக்கம், பட்டம், கடற்படையில் பெரிய பதவி. ஹென்சனுக்கு 1913இல் நியூயார்க் சுங்க இலாகாவில் ஒரு குமாஸ்தா வேலை. ஆராய்ச்சிப் பயணிகள் சங்கம் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக் கொள்ள 1937 வரையில் யோசித்தது. 1955இல் காலமானார். 1988இல், அதாவது செத்து முப்பத்து மூன்று வருஷம் கழித்து, அவரைத் தோண்டி எடுத்து ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் பியரிக்குப் பக்கத்தில் மரியாதையாகப் புதைத்தார்கள். அந்த நாலு இனூயிட்களுக்கு என்ன உத்தியோகம் கொடுத்தார்கள் என்று நான் தேடிப் பார்க்கவே இல்லை. தேடுவானேன்?

அது பழைய கதை என்று தள்ளி விட முடியாது. கானடாவில் நூனவுட் பிரதேசத்தின் ஜனங்களில் சுமார் 85 சதவிகிதம் பேர் இனூயிட்கள். அந்த விகிதத்துக்கு ஏற்பச் சர்க்கார் உத்தியோகம் கொடுக்க வேண்டும் என்று 1993 ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருக்கிறது. ஆனாலும் பிரதேசச் சர்க்காரின் உத்தியோகங்களில் அவர்களுடைய பங்கு வருஷக் கணக்காகப் பாதியை ஒட்டியே நின்றது. ஆராய்ச்சியில் கேட்கவே வேண்டாம். கோடையில் தெற்கிலிருந்து விஞ்ஞானி வருவார். உள்ளூர்க்காரன் துப்பாக்கி எடுத்துக் கொண்டு வழி காட்டுவான், படகு ஓட்டுவான், எந்தப் பனி தாங்கும், எந்தப் பனி தாங்காது என்று சொல்வான். அவனுக்கு நாள் கூலி. வந்தவருக்குப் பட்டம். கட்டுரையின் கடைசியில் 'உள்ளூர் மக்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. வேண்டாம், எங்கள் மண்ணில் எங்களைப் பற்றி நடக்கிற ஆராய்ச்சியில் எங்களுக்கும் அதிகாரம் வேண்டும் என்று கானடாவின் இனூயிட் தேசிய ஸ்தாபனம் 2018இல் தன் ஆராய்ச்சிக் கொள்கையை வெளியிட்டது.

என் ஆத்திரத்தை ஒரே வாக்கியத்தில் கேட்டால் இதுதான்: அங்கேயே ஆயுசு முழுக்க இருக்கிறவனுக்கு உத்தியோகம் இல்லை, உத்தியோகம் கிடைத்தவனை அங்கே இருக்க விடுவதில்லை.

மாற்றி நடத்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். லாப்ரடாரில் நெய்ன் என்ற இனூயிட் ஊரில், பனி முன் போல உறுதியாக உறையாமல் மனிதர்கள் விழுந்து சாகிற நிலை வந்தபோது, 'ஸ்மார்ட் ஐஸ்' என்று ஒரு வேலைத் திட்டம் உண்டாயிற்று. பனியின் கனத்தை அளக்கும் கருவியைச் சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துப் போகிறார்கள். இழுப்பது உள்ளூர் ஆள். கருவியைச் செய்யவும் உள்ளூர் இளைஞர்களைப் பழக்குகிறார்கள். அளந்த கணக்கு அன்றைக்கே வேட்டைக்குப் போகிறவனுக்குப் பயன்படுகிறது. விஞ்ஞானிக்கும் போய்ச் சேருகிறது. இது பல ஊர்களுக்குப் பரவி விட்டது. துருவத்தில் உத்தியோகம் என்று படம் போடுகிறவர்கள் பெங்குவினை எடுத்து விட்டு இந்தச் சறுக்கு வண்டியைப் போடலாம்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்? போகாதே என்று சொல்லவில்லை. தகப்பனாருக்கே ஒரு கடிதம் எழுதினேன்.

பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்பது அவருடைய முதல் கவலை. துருவத்துக்குப் பெண்களை அனுப்பவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படை அடம் பிடித்தது. 1969 நவம்பரில்தான் தென் துருவத்தில் ஆறு பெண்கள் காலடி வைத்தார்கள். நம் தேசத்திலிருந்து சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்த்தும் 1983இலேயே அண்டார்டிகா போய் விட்டார்கள். சுதீப்தா, இந்தப் பெண் படித்த அதே பூகர்ப்ப சாஸ்திரக்காரர். இஸ்ரோவின் மங்கள மணி தம் ஐம்பத்தாறாவது வயசில், 2016 நவம்பரிலிருந்து 403 நாள், பாரதி நிலையத்தில் இருபத்து மூன்று பேரில் ஒரே பெண்மணியாக இருந்து வந்தார். இதை மட்டும் எழுதி அவரைச் சமாதானப்படுத்தி இருக்கலாம். அது யோக்கியமில்லை. 2022இல் அமெரிக்கர்கள் தங்கள் அண்டார்டிக் நிலையங்களைப் பற்றித் தாங்களே வெளியிட்ட அறிக்கையில், பதில் சொன்ன பெண்களில் 59 சதவிகிதம் பேர் அங்கே தொந்தரவுக்கோ தாக்குதலுக்கோ ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து கோபித்துக் கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வர முடியாது. ஆகையால், சேருவதற்கு முன்னால் புகார் யாரிடம் செய்வது, செய்தால் என்ன நடக்கும் என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்து கொள்ளச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன்.

பனி மேல் நிற்பதுதான் துருவ வேலை என்று இல்லை என்பதையும் சொன்னேன். கடற்பனியின் பரப்பை 1979லிருந்து செயற்கைக் கோள்கள் விடாமல் பார்த்து வருகின்றன. அந்தக் கணக்கைப் படிக்கிறவர்கள் வெயில் ஊரில் விசிறிக்கடியில் உட்கார்ந்தே படிக்கலாம். கணிதமும் கம்ப்யூட்டரும் கைவசம் இருந்தால் பனி கைவிட்டாலும் வேறு வேலை கைவிடாது. குளிர்கால நிலையங்களுக்கு விஞ்ஞானியோடு டாக்டர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையற்காரர் எல்லோரும் வேண்டும்; இவர்கள் இல்லாமல் விஞ்ஞானம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஸ்வால்பார்டின் லாங்யர்பியன் நகரத்தில் 1993லிருந்து இருக்கும் சர்வகலாசாலை மையத்தில், பாடத்துக்கு முன்னால் கரடியிடமிருந்து தப்புவதற்கும் துப்பாக்கி பிடிப்பதற்கும் பழக்குகிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை எழுதி விட்டு அடித்து விட்டேன். தகப்பனார் படிக்கிற கடிதம் அல்லவா.

அவர் பதில் எழுதினார். நல்ல மணி மணியான எழுத்து. "பாங்க் பரீட்சையும் எழுதட்டும், இதற்கும் விண்ணப்பம் போடட்டும். இரண்டு வருஷ வேலை என்றால் இரண்டு வருஷம் கழித்து என்ன என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள்" என்று இருந்தது. நான் கேட்டு எழுதினேன். துருவ ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர்களில் இரண்டு இடத்துக்கு. ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோரிடத்திலிருந்து அச்சடித்த தாள் ஒன்று வந்தது. விளம்பரத்தில் இருந்த அதே பொடி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதை அப்படியே தபாலில் அவருக்கு அனுப்பி வைத்தேன். அவள் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

போன வாரம் அந்தக் கல்லூரியிலிருந்து இந்த வருஷத்துக் கூட்டத்துக்கும் அழைப்பு வந்தது. அழைப்பிதழின் மேல் அட்டையில் அதே பெங்குவின். அதைத் தெற்கே அனுப்பி விட்டு எழுதுங்கள், வருகிறேன் என்று ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.